ஹெர்பர்ட் டி.வி.யில் வந்த சாயங்காலம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு ஐவி வீட்டில் இருக்கக் கூடாது. ஹெர்பர்ட் ஹாலிவெல் முடிவு கட்டிவிட்டான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவன் சொந்தமாகக் கட்டிய முதல் முடிவு அது.

காரணம் இருந்தது. அவன் இங்கிலாந்தின் வடக்கே ராச்டேல் பஞ்சாலை பேண்டில் யூஃபோனியம் ஊதுகிறவன். கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஊத வேண்டிய பித்தளை வாத்தியம். அதன் வாய் அண்டா அகலம் இருக்கும். பத்தொன்பது வருஷமாக அந்த அண்டாவுக்குப் பின்னால்தான் அவன் முகம் குடியிருந்தது. அவன் வாசித்துக் கேட்டவர்கள் ஊர் நிறைய உண்டு. வாசிக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அவனே பார்த்ததில்லை.

போன மாதம் பி.பி.சி. ஆட்கள் வந்தார்கள். கலை நிகழ்ச்சிக்காம். பேண்டைப் படம் பிடித்தார்கள். ஹெர்பர்ட் தனியாக ஊதும் இரண்டு நிமிஷம் வந்தபோது ஒருத்தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் வந்து, அவன் மூக்குக்கு நேரே நின்றுவிட்டான்.

அந்த இரண்டு நிமிஷம்தான் இந்த ஞாயிறு ஏழரைக்கு மேல் வரப்போகிறது. ஒரே ஒரு தடவை. விட்டால் போச்சு. திருப்பிப் போட மாட்டார்கள்.

ஆனால் அதே ஏழரைக்கு இன்னொரு சேனலில் லண்டன் அரங்கத்திலிருந்து ஆட்டமும் பாட்டமும் வரும். வெள்ளைக் கோட்டுப் பாடகன் ஒருத்தன் கண்ணைச் சொருகிக்கொண்டு பாடுவான். ஐவிக்குச் சாமி கும்பிடுவதற்கு அடுத்தபடி அதுதான். சில வாரம் அதுதான் முந்தி.

ஹெர்பர்ட் மெதுவாகத்தான் ஆரம்பித்துப் பார்த்தான்.

"ஐவி, ஞாயித்துக்கிழமை எங்க பேண்டு டி.வி.ல வருது."

"வரட்டும்."

"என் மூஞ்சியைக்கூடக் காட்டுவாங்க போல."

"அதைத்தான் தினம் மூணு வேளை பாக்கறேனே. சலிச்சுப் போச்சு."

ஹெர்பர்ட் நேரே கொல்லைச் சுவருக்குப் போனான். பக்கத்து வீட்டு மிஸஸ் என்ட்விஸில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் புதுசாகப் பெரிய டி.வி. வாங்கி, கூரைமேல் ஆன்டெனாவும் கட்டியிருந்தார்கள்.

"மிஸஸ் என்ட்விஸில், ஒரு உதவி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஐவியை உங்க வீட்டுக்கு டி.வி. பாக்கக் கூப்பிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன், மிஸ்டர் ஹாலிவெல்? உங்க வீட்டுக்கு வேற யாராச்சும் வராங்களா?"

"ஐயய்யோ! அவளுக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னுதான்."

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சா?" என்றாள். அப்புறம் வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டே, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினாள்.

அவளிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால், கொடியில் போட்ட துணி காய்வதற்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். ஹெர்பர்ட்டுக்கு இது தெரியும். அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டான்.

ஞாயிறும் வந்தது. டின் சால்மன் மீனும் ரொட்டியும் தின்று முடித்ததும் ஐவி பின்னல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மிஸஸ் என்ட்விஸில் பாவம், தனியா இருக்காளாம். டி.வி. பாக்கக் கூப்பிட்டா. நீ இருந்துக்குவியா, ராசா?"

ராசா என்ற உடனே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

"நீ நிம்மதியாப் போ. அவசரமே இல்லை. எட்டரை வரைக்கும் இரு."

"ஒன்பதாகட்டுமே," என்றாள் ஐவி.

பை புடைத்துக்கொண்டிருந்தது. நிறையப் பின்னுவாள், சீக்கிரம் வரமாட்டாள் என்று அவன் உள்ளுக்குள் குதித்தான். டை கட்டிக்கொண்டான். தலை வாரினான். டி.வி.யில் வரப்போகிறவனுக்கு இல்லாத மரியாதையா! குமிழைத் திருகினான். பெட்டி சூடேற ஒரு நிமிஷம் ஆனது.

திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பனி கொட்டியது. ஒரு தட்டுத் தட்டினான். இன்னும் கொஞ்சம் கொட்டியது. அப்போதுதான் பெட்டியின் தலையைப் பார்த்தான். இரட்டைக் கொம்பு ஆன்டெனாவைக் காணோம். அது உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் வட்டமாகத் தூசி இல்லாமல் பளபளத்தது.

பை ஏன் புடைத்திருந்தது என்று இப்போது புரிந்தது.

அலமாரியிலிருந்து கோட்டு மாட்டும் கம்பியை உருவினான். பெட்டிக்குப் பின்னால் சொருகிப் பிடித்தான். பேச்சு கேட்டது! முன்னால் வந்து பார்த்தான். பனி. பின்னால் போனான். பேச்சு. ஆள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது வேலை செய்யுமாம். கடைசியில் தரையில் மல்லாந்து படுத்து, கால் கட்டைவிரலால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தை ஒடித்துப் பார்த்தான். பாதித் திரை தெரிந்தது. வெல்வெட் கோட்டுக்காரர் ஒருவர், சிலை என்று நடுவில் ஓட்டை போட்ட கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஓட்டையைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினார். ஹெர்பர்ட்டின் கால் மரத்துப்போனது.

"அடுத்ததாக, வடக்கே ஒரு பஞ்சாலையில்..." என்று அவர் ஆரம்பித்ததும் கட்டைவிரல் கோணிக்கொண்டது. கம்பி விழுந்தது. மறுபடியும் பனி.

எழுந்து ஓடினான். பக்கத்தில் இருந்தது வாசற்கதவுதான். ஆனால் அந்தத் தெருவில் வாசற்கதவை யார் திறக்கிறார்கள்? கல்யாணப் பெண்ணுக்குத் திறப்பார்கள், சவப்பெட்டிக்குத் திறப்பார்கள். மற்றதெல்லாம் கொல்லை வழிதான். இந்தக் கதவை மாமியார் கடைசியாகக் கிளம்பிப் போனபோது திறந்தது. அதற்கப்புறம் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது. இழுத்தான். உதைத்தான். கெஞ்சினான். அது மாமியார் மாதிரியே நின்றது.

அப்போது இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர் வழியாக ஒரு யூஃபோனியம் கேட்டது. அவனுடையது.

சமையலறை, கொல்லை, கொல்லைக் கதவு, சந்து, அடுத்த கொல்லைக் கதவு என்று ஓடினான். ஈரத் துணி ஒன்று முகத்தில் அறைந்தது. மிஸஸ் என்ட்விஸில் வீட்டுச் சமையலறையைத் தாண்டி உள்ளே விழுந்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. கூடத்தில் பதினோரு பெண்கள். எல்லோர் கையிலும் கைக்குட்டை. திரையில் வெல்வெட் கோட்டுக்காரர் விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? இப்பத்தான் டி.வி.ல வந்துட்டுப் போனே," என்றாள் ஐவி.

அவனுக்கு மூச்சு வாங்கியது. "நீ... அந்த வெள்ளைக் கோட்டுக்காரனைப் பாக்கலையா?"

"அவன் அடுத்த வாரமும் வருவான். நீ வருவியா?"

"அப்ப சலிச்சுப் போச்சுன்னு ஏன் சொன்னே?"

"நீ கொஞ்சம் கெஞ்சுவேன்னு பாத்தேன். கூட உக்காந்து பாருடின்னு ஒரு வார்த்தை. நீ என்னடான்னா, என்னை வீட்டை விட்டுக் கிளப்ப ஆள் புடிக்கறே."

நூல் சிக்கிய ஆன்டெனாவைப் பையிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அழகா இருந்தீங்க, மிஸ்டர் ஹாலிவெல்," என்றாள் மிஸஸ் என்ட்விஸில். "கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி. கடைசியில கண்ணை மூடிக்கிட்டீங்க பாருங்க, நாங்க எல்லாரும் அழுதுட்டோம்."

"கண்ணை மூடினேனா?" என்றான் ஹெர்பர்ட். "நானா?"

"பின்னே?" என்றாள் ஐவி. மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

தெருவே பார்த்துவிட்டது. பார்க்காதது இரண்டே ஜீவன்கள். ஒன்று ஹெர்பர்ட். மற்றது மிஸஸ் என்ட்விஸில் வளர்த்த குட்டிப் பச்சைக்கிளி. பொழுது சாய்ந்தால் அதன் கூண்டைத் துணி போட்டு மூடிவிடுவாள்.

கிளியாவது முழுசாகக் கேட்டது.