பதினோராம் எண் படிவம்

“படிவம் தந்த இருபத்தொரு பேருமே நடவுக்கால வகுப்பு எடுத்திருக்காங்களாம் சார்” என்று ஆசிரியர்களின் மதிப்பீட்டுப் படிவங்களை மேசையில் வைத்தார் எழுத்தர் தனபாக்கியம்.

கல்லூரி முதல்வர் குணசேகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடவுக்கு வயலிறங்கிவிடும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடம் எடுத்தவர் தற்காலிக ஆசிரியர் பூர்ணிமா ஒருவர்தான். அது தெரியாமல், வகுப்பில் பிள்ளைகள் வருகை குறைவென்று போன வருடம் அவருடைய மதிப்பெண்ணில் கைவைத்துவிட்டார் குணசேகரன். பூர்ணிமாவின் பணி நிரந்தரம் போயிற்று. இந்த வருடமும் போனால் வயது வரம்பு தாண்டிவிடும்.

அந்த உறுத்தலில்தான் ‘நடவுக்கால வகுப்பு: 20 மதிப்பெண்’ என்று படிவத்தில் புதுக் கட்டம் சேர்த்தார். வேண்டியவர், வேண்டாதவர் பேச்சு வரக்கூடாதென்று பெயருக்குப் பதில் எண் போடச் சொன்னார்.

“இன்னும் ஒண்ணு வரணுமே, யாரு?”

“பேர் சொல்லக் கூடாதுன்னீங்களே சார். பதினோராம் எண்.”

“சரி, வகுப்பு எடுத்தேன்னு சொல்றவங்ககிட்ட போட்டோ கேளுங்க.”

மறுநாள் ஆசிரியர் அறையில் ஈ, காக்கை இல்லை. வரப்பெல்லாம் பேண்ட்டை மடித்துவிட்ட பேராசிரியர்கள். படங்களில் இருந்த முகங்களைத் தனபாக்கியம் தாள் ஒட்டி மறைத்திருந்தார். ஆனாலும் கணக்குத் துறை கோவிந்தராசுவின் தொப்பையை எதைக் கொண்டு மறைப்பது? மனிதர் நாற்றுமுடியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“பிள்ளைங்க கையெழுத்தும் வேணும்னு சொல்லுங்க!”

அன்று கேன்டீனில் ஆசிரியர்கள் செலவில் பதினொரு மணிக்கே பரோட்டா தீர்ந்தது. கையெழுத்துகள் குவிந்தன.

குணசேகரன் ஓய்ந்துபோனார். இந்தக் கூட்டத்தில் பூர்ணிமாவும் இருப்பார் என்ற நம்பிக்கையில் இருபத்தொரு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டார். கடைசியாக வந்த பதினோராம் எண்ணில் அந்தக் கட்டம் காலி.

“ஒரு பொய் சொல்லக்கூட வணங்காத சோம்பேறி” என்று முட்டை போட்டுத் தாளாளருக்கு அனுப்பினார்.

நிரந்தரப் பட்டியல் வந்தது. மூன்று முறை படித்தும் பூர்ணிமா பெயர் இல்லை. கோவிந்தராசு இருந்தார்.

“பதினொண்ணு அவங்கதான் சார்” என்றார் தனபாக்கியம், தரையைப் பார்த்தபடி.

குணசேகரன் பட்டியலைக் கீழே வைத்தார். போன வருடம் தெரியாமல் செய்த பாவத்தை இந்த வருடம் சட்டம் போட்டல்லவா செய்திருக்கிறார்!

“அந்தக் கட்டத்தை மட்டும் ஏம்மா எழுதாம விட்டாங்க?”

“போட்டோ எடுத்துக்க நேரமில்லாம விட்டுட்டாங்க சார். எல்லாரும் போட்டோவுக்கு வயலுக்குப் போயிட்டாங்கல்ல? அவங்க எல்லாரோட வகுப்பையும் பூர்ணிமா மேடம்தான் எடுத்துக்கிட்டு இருந்தாங்க.”