டப்டப் சித்தப்பாவோடு எண்ணூருக்கு

நாம் செய்த தப்பை யாரும் பார்க்கவில்லை என்றால் அந்தத் தப்பு நடக்கவே இல்லை என்று பதினோரு வருஷம் உறுதியாக நம்பிய முட்டாள் நான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எர்ணாவூர் மேம்பாலத்துக்குச் சற்று முன்னால், இரண்டு கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே என் சின்னக் கார் மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த நம்பிக்கை போயிற்று. போக வைத்தவர் டப்டப் சித்தப்பா.

சித்தப்பாவின் கை படாமல் துறைமுகத்துக்குள் ஒரு வண்டி போனதில்லை, ஒரு வண்டி வெளியே வந்ததும் இல்லை. டிரெய்லரில் கிளீனர். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் நாற்பதடிக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. கிளீனர்தான் கீழே நின்று பார்த்து, வண்டியின் உடம்பில் தட்டிச் சொல்ல வேண்டும். ‘டப்’ என்று ஒன்று விழுந்தால் நில். ‘டப்டப்’ என்று இரண்டு விழுந்தால் போ.

மனிதர்களையும் அவர் வண்டியாகத்தான் பார்த்தார். சாப்பாட்டில் இலையோரம் ஒரு டப் விழுந்தால் ரசம் போதும்; இரண்டு விழுந்தால் சோறு வரட்டும். அவருடைய கல்யாணத்தில் ஐயர் மந்திரத்தை இழுத்துக்கொண்டே போனார். பொறுத்துப் பார்த்த மாப்பிள்ளை, பக்கத்திலிருந்த மேளக்காரர் முதுகில் இரண்டு வைத்தார். கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை பறந்தது. தாலி அப்போதுதான் ஆசீர்வாதத்துக்காக மூன்றாவது வரிசையில் சுற்றிக்கொண்டிருந்தது.

எத்தனையோ பேர் சொல்லியும் அவர் டிரைவர் ஆகவில்லை. “ஸ்டேரிங்க புடிச்சவன் முன்னாடி மட்டுந்தான் பாப்பான். நாலு பக்கமும் பாக்கறவன் நானு. யார்ரா பெரியவன், நீயே சொல்லு நைனா” என்பார்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் ராயபுரத்திலிருந்து என்னை டிரெய்லரில் ஏற்றி, எண்ணூரில் அத்தை வீட்டில் இறக்கிவிடுவது அவர்தான். அத்தை அவருடைய அக்கா. அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, முகத்துவாரத்தில் வலை போடுகிறவர். அவர் கொண்டுவரும் நண்டு தரையில் இரண்டடி நடந்தால் நான் கட்டில்மேல் நாலடி குதிப்பேன். மாமா சிரிப்பார். அத்தை நண்டைத் திட்டுவாள். பயமில்லாமல் எனக்குச் செய்யத் தெரிந்த ஒரே காரியம், கேபின் ஜன்னலோரம் உட்கார்ந்து, சித்தப்பா கண்ணைக் காட்டும்போது கதவில் டப்டப் என்று தட்டுவது. தட்டினால் அவ்வளவு பெரிய வண்டி நகரும். ஏழு வயதில் அந்த ருசியைக் கண்ட கை அப்புறம் சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாமா இறந்தார். அமரர் ஊர்தி தெருவில் நின்றது. பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. அவர்களுக்கு அந்த வாசல்தான் கடைசி. “அதுக்குக் கண்ணாடி இல்லாங்காட்டி ஒண்ணுமே தெரியாதே. இருங்க, எடுத்தாறேன். இன்னொரு தபா மூஞ்சியும் பாத்துக்கறேன்” என்று மாமாவின் மூக்குக்கண்ணாடியை எடுக்க அத்தை உள்ளே ஓடினாள். நான் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் குலுங்கியதில் மாமாவின் கால் கட்டைவிரல் அசைந்தது. அவ்வளவுதான். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். பயத்தில் என் கை தானாகவே எழுந்து கதவில் டப்டப் என்றது.

வடசென்னையில் அதற்கு அர்த்தம் தெரியாத டிரைவர் உண்டா? வண்டி கிளம்பிவிட்டது. கையில் கண்ணாடியோடு அத்தை தெருமுனை வரை ஓடினாள். திரும்பி வந்தவள் யாரைப் பார்ப்பாள்? ஊரே சித்தப்பாவைத்தான் பார்த்தது. அவர் வண்டியின் பக்கவாட்டில் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

“ஒரு நிமிசம் பொறுக்க மாட்டியாடா பாவி? இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத. எங்கிட்ட பேசாத.”

நானும் வாயைத் திறக்கவில்லை. பழக்கதோஷத்தில் தான்தான் தட்டிவிட்டோம் என்று சித்தப்பாவே நம்பிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்குப் பொங்கல் அத்தை வீட்டுக்குப் போய் எறா தொக்கு சாப்பிட்டேன். “அந்தக் கை வெளங்குமா?” என்று அத்தை சபிப்பாள். நான் சோற்றுக்குள் இருக்கும் என் கையைப் பார்ப்பேன். நன்றாக விளங்கிக்கொண்டுதான் இருந்தது.

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். “அக்கா வூட்ட காலி பண்ணிகினு ஓசூருக்கு மவ வூட்டாண்ட போவுதாம். ஒரு தபா பாத்துட்டு வந்துர்லாம்டா சேகரு. உங்கைல காரு கீதுல்ல?”

கார் இருந்தது. தைரியம்தான் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கியவன் நான். தாம்பரத்திலிருந்து ராயபுரம் வந்து அவரை ஏற்றிக்கொள்வதற்குள் இரண்டு முறை என் ஆயுள் முடிந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வந்தேன். காசிமேட்டில் சொல்லலாம் என்று பார்த்தேன், மீன் கூட்டம். டோல்கேட்டில் பார்த்தேன், சிக்னல். திருவொற்றியூரில், அந்தக் காலத்தில் எனக்காக டிரெய்லரை நிறுத்தி டீயும் பன்னும் வாங்கித் தந்த கடை இருந்த இடத்தைச் சித்தப்பா தேடிக்கொண்டிருந்தார். அங்கே செல்போன் கடை இருந்தது. அதைப் பார்த்த அவர் முகத்தைப் பார்த்து, அங்கேயும் சொல்லவில்லை.

எர்ணாவூரை நெருங்கியதும் டிரெய்லர் வரிசை.

“சித்தப்பா, பக்கத்துல கன்டெய்னர் சாயற மாதிரி இருக்கு.”

“அது சாயல. நீதான் சாஞ்சிகினு கீற. நேரா குந்து.”

அவர் இறங்கி முன்னால் நடந்தார். டிரெய்லர் டிரைவரை அண்ணாந்து பார்த்து, “இன்னா தலிவா, பச்சப்புள்ள வண்டி ஓட்டினு வருது, கொஞ்சம் ஒதுக்கிக் குடேன்” என்றார்.

டிரைவர் என்னை எட்டிப் பார்த்தார். “பச்சப்புள்ளயா? மண்டைல ஒரு முடி இல்லியே பெர்சு!”

“அதான் சொல்றேன். இன்னும் மொளைக்கல.”

வழி கிடைத்தது. என் கார் கதவில் அவர் டப்டப் என்று கொடுத்ததில் ஒரு பள்ளமும் கிடைத்தது. அவர் ஏறி உட்கார்ந்ததும் என் வாய் திறந்துகொண்டது.

“சித்தப்பா, அன்னிக்கு மாமா வண்டிய தட்டினது...”

“நீதான். முன்னாடி பாரு.”

கார் நின்றுவிட்டது. பின்னால் இருந்த டிரெய்லர் அலறியது.

“தெரியுமா?”

“வாய்நாளு பூரா தட்டிகினு கீறேன், எந்தத் தட்டு எவன் கைன்னு தெரியாதா? உன்னுது மொதோ அடி கரீட்டா வுழும். ரெண்டாவது பயத்துல பாதில நின்னுடும். அன்னிக்கும் அப்டித்தான் வுழுந்துச்சி.”

“அப்புறம் ஏன் அத்தைகிட்ட சொல்லல?”

“சொன்னா? போன வண்டி ரிவர்ஸ்ல வருமா?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அதுக்குப் புருசன் பூட்டான். ஆசையா வளத்த புள்ளயும் அன்னிக்கே பூடணுமா? தம்பின்னா நாலு நாள்ல சமாதானமாய்டும்னு வுட்டுட்டேன். அது இவ்ளோ நாளு இஸ்துகினு பூடுச்சி. வண்டிய எடு, பின்னாடி அடிக்கிறான் பாரு ஆரன்.”

கார் கண்ணாடியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிய ஆரம்பித்தபோது அத்தையின் தெரு வந்துவிட்டது. வாசலில் மூட்டைகள். அத்தை ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா படிக்குக் கீழேயே நின்றார்.

“இவன ஏன்டா இட்டுகினு வந்த?” என்றாள் என்னிடம்.

“பாத்துட்டு பூட்றேன்க்கா. உள்ள வரல” என்றார் அவர்.

வழியெல்லாம் ஒரு மன்னிப்புப் பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். ‘தெரிந்தோ தெரியாமலோ’ என்று அழகாக ஆரம்பிக்கும். என் வாயில் வந்தது: “அத்த, மாமாவோட கட்டவிரல் ஆடுச்சு.”

அத்தை பாயைக் கீழே போட்டாள். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். என் குரல் எனக்கே நண்டைப் பார்த்த பையனுடையது போல இருந்தது.

அத்தை என்னைப் பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள்.

“நீயாவது சொல்லிருக்கக் கூடாதாடா?”

“நீதான பேசாதன்ன.”

“கால கயுவிகினு உள்ள வா.”

சித்தப்பா உள்ளே போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை. கதவு பாதி சாத்திக்கொண்டது. நான் காரில் போய் உட்கார்ந்தேன். உள்ளே அத்தை திட்டுவது கேட்டது, அப்புறம் அழுவது, அப்புறம் பாத்திரச் சத்தம். கிளம்பிவிடலாமா என்று இரண்டு முறை சாவியைத் தொட்டேன். இரண்டு முறையும் விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துச் சித்தப்பா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். யார் போட்டுக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கிறவரை, வெயிலில், காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.