நலமென்றால் ஒன்று

ஒரு பிள்ளையும் பதில் போடவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்ட பள்ளிப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு செவ்வந்தி செல்போனில் அனுப்பிய லிங்க்கை எவரும் தொடவே இல்லை. தொட்டால் பேங்க் பணம் போய்விடுமாம்!

"இந்த மாசமும் பதில் வர்லன்னா உன் வேல அவ்ளோதாம்மா" என்றார் சர்வே அதிகாரி வெங்கடேசன். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

போன் போட்டாள்.

"லோனெல்லாம் வாணாம்மா" என்று தாய்மார்கள் வைத்துவிட்டார்கள்.

உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கு நேரிலேயே போனாள். அவள் பையைப் பார்த்ததும், "டேய், இன்னொரு ஊசிடா!" என்று எவனோ கத்த, பத்தாம் வகுப்பே சுவரேறிக் குதித்தது. ஹெட்மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

கடைசியில் வெங்கடேசன் பதிவுக்குரலை ஏற்பாடு செய்தார். வாராவாரம் அதுவே கூப்பிட்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லி நலம் கேட்கும். நலமென்றால் ஒன்றை அமுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு.

மானாம்பதிப் பக்கம் ஒரு குடியிருப்பில் மட்டும் எல்லாப் பிள்ளைகளும் நலம்! செவ்வந்திக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் கவனித்தாள், எல்லாப் பதிலும் ஒரே நம்பரிலிருந்து. பொய்ப் பதில் என்று தன் தலையில் விடியுமே என்று அடித்துப் பிடித்து ஓடினாள்.

போன்காரர் எல்லப்பன் மூச்சு வாங்க நின்றார்.

"இங்க போனு என்னாண்ட மட்டுந்தாம்மா கீது. ஊசி போடச்சொல்ல அல்லாரும் என் நம்பரதான் குடுத்தாங்க. ஒரே பேஜாரு! பேரு சொன்னதும் அந்த வூட்டாண்ட ஓடி, புள்ளைய பாத்துட்டு வந்துதான் அமுக்கறேன்."

செவ்வந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பட்டணத்துப் படிப்பாளி எவன் இப்படி சர்வே எடுக்கிறான்! வேலை தப்பித்தது என்ற நிம்மதியில் பெயர்களைப் படித்தாள். ஒவ்வொரு பிள்ளையாக வந்து நின்றது.

"ஜெயப்பிரியா?"

யாரும் வரவில்லை. எல்லப்பன் செல்போனைத் துண்டால் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"இன்னாண்ணே, இதுக்கும் ஒண்ணுதான அமுக்கிக்கீறீங்க? எங்க அந்தப் பொண்ணு?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சொக்கம்மாள்தான் வாய் திறந்தாள்.

"எங்க பொண்ணும்மா. போன மழைக்கு ஏரில முழுவி பூட்ச்சி. இல்லன்னு அமுக்கிட்டா, அப்பால அது பேர சொல்லி யாரும்மா கூப்புடுவாங்க?"