அப்பாவின் கெண்டியைப் பூட்டிய கதை

மருந்துக் கடையில் சரக்குப் பெட்டி பிரிக்கிறவனுக்கும் டாக்டருக்கும் படிப்பு ஒன்றுதான் வித்தியாசம், அதையும் லேபிள்களைப் படித்தே சரிக்கட்டிவிடலாம் என்று இருபத்திரண்டு வயதில் நான் நம்பினேன். இப்படி நம்புகிற ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அது நான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ரங்கூனில், லத்தா பேட்டையிலிருந்த ஒரு மொத்த மருந்துக் கடையில் எனக்கு வேலை. வீடு ஊருக்கு வெளியே தின்கன்ஜூனில். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, கால் வீக்கம். எங்கள் பர்மிய டாக்டர் தினம் ஒரு நீர் மாத்திரை கொடுத்திருந்தார். உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற மாத்திரை. வீக்கம் வடிந்ததும் ஆள் பாதியாகிவிட்ட மாதிரி எனக்குத் தெரிந்தது.

ஸ்டெல்லா அக்காவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மாதா கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அவளைக் கைபிடித்து அழைத்துப்போக வேண்டியவர் அப்பா. "நடந்துருவேனாடா?" என்று தினமும் கேட்பார்.

நடக்கவைக்க நான் இருக்கிறேனே! (யார் கூப்பிட்டார்கள்?) வெளிநாட்டுச் சரக்கு குதிரைக்கொம்பாக இருந்த காலம். கடைக்கு வந்த அமினோ அமில டானிக்கில் இரண்டு பாட்டிலை முதலாளியிடம் கெஞ்சி வாங்கினேன். தசைக்கு வலு தரும் என்று லேபிள் சொன்னது. வேளைக்கு ஒரு கரண்டி என்றும் சொன்னது. நான் மூன்று ஊற்றினேன். டாக்டரிடம் மூச்சுவிடவில்லை. கல்யாணத்தில் பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைப்பு.

அதோடு விட்டேனா? ரங்கூன் வீடுகளில் மேசைமேல் பச்சைத் தேயிலைத் தண்ணீர்க் கெண்டி எந்நேரமும் இருக்கும். அப்பா ஒரு நாளில் இரண்டு கெண்டி காலி செய்வார். மாத்திரை வெளியேற்றும் நீரை இவர் திரும்ப ஊற்றிக்கொள்கிறாரே என்று கெண்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். மற்றத் தண்ணீரும் அளந்துதான்.

"தொண்ட காயுதுடா, ஒரு வாய் குடு."

"கல்யாணம் முடியட்டும்பா."

கல்யாணத்தன்று நல்ல வெயில். அப்பா கம்பளிக் கோட்டில், அக்காவின் கையைப் பிடித்து, கோயில் வாசலிலிருந்து கம்பீரமாகத்தான் புறப்பட்டார். பாதி வழியில் நின்றார். கண் செருகி அக்காவின் தோளில் சாய்ந்தார். ஆர்கன் தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

"டேய், பூவப் பிடி!" என்று பூச்செண்டை என்மேல் எறிந்தாள் அக்கா. அப்பாவின் கையைத் தன் கழுத்தில் போட்டு, முன்வரிசை பெஞ்சுவரை ஏறக்குறையத் தூக்கியே போனாள்.

விருந்தாளியாக வந்திருந்த டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "வேற என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார். பூச்செண்டும் கையுமாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த டானிக் சத்தோட கழிவைக் கழுவ சிறுநீரகத்துக்குத் தண்ணி வேணும். மாத்திரையோ தண்ணிய வெளிய இழுக்குது. நீ கெண்டியையும் பூட்டிட்ட. அது எதை வச்சுக் கழுவும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். அவர் பர்மிய மொழியில் சொன்னதால் கோயிலில் பாதிப் பேருக்குப் புரியாது என்று ஆறுதலடைந்தேன். எல்லோருக்கும் புரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சலைன் ஏறியது. அம்மா போன வழியில் இவரை நானே அனுப்பிவிடுவேனோ என்று பயந்து, தாழ்வாரத்தில் நின்று அழுதேன். மூன்றாம் நாள் அப்பா கண்ணைத் திறந்து தெளிவாகக் கேட்ட முதல் கேள்வி:

"கெண்டிச் சாவி எங்கடா?"

கழுத்தில் புதுத் தாலியோடு பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண் என் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

இன்று எனக்கும் அதே மாதிரி நீர் மாத்திரைதான். போன மாதம் மருமகன் அன்போடு ஒரு சத்து மாவு டப்பா கொண்டுவந்தான். பிரிக்காமல் என் டாக்டரிடம் எடுத்துப்போனேன், வேண்டாம் என்றார். அக்காவிடம் சொன்னேன். "எங்க வீட்ல பொண்ணுதான் அப்பாவக் கூட்டிட்டுப் போச்சு" என்று ஆயிரமாவது தடவையாக ஆரம்பித்து, சிரித்து முடித்து, முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்துக் காட்டினாள். அலமாரியைக் கரையான் தின்று வெகுகாலம் ஆகிறது. சாவியை மட்டும் அவள் இன்னும் என்னிடம் தரவில்லை.