கதறிய விவசாயியும் கிளிப்பச்சைப் பட்டும்

கேமராவுக்குப் பின்னால் நிற்பவன் எவனுக்கும் அதற்கு முன்னால் நிற்கத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது பத்திரிகையில் அச்சாகியே வந்திருக்கிறது. முதல் பக்கம், வண்ணத்தில். (சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்பே அதைத்தான் காட்டுவோம்.)

எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெண் கடம்பூர்ப் பக்கம், பெயர் செல்வி. தட்டில் போளி வைத்துக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அதோடு நான் முடிந்தேன். அவள் அப்பா மட்டும் முடியவில்லை. மானாவாரி விவசாயி; எதையும் முளைத்த பிறகே நம்புகிறவர்.

“கல்யாண வீட்டுல போட்டோ எடுப்பீயளோ?”

“இல்லைங்க. நான் உண்மையை எடுக்கிறவன்.”

(ஆமாம், அப்படியே சொன்னேன். அப்போது எனக்குத் தாடியும் இருந்தது.)

“நல்லது. அந்த உண்மை ஒண்ணாவது பத்திரிகையில வரட்டும் தம்பி. அப்புறம் பேசுவோம்.”

பத்திரிகையில் ஒரு படம். வந்தால் செல்வி, வராவிட்டால் இல்லை. நண்பனிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு கயத்தாறு தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனேன். புரட்டாசி வெயில். கரிசல் காடு வானம் வரைக்கும் கறுப்பாகக் கிடந்தது. வரப்போரம் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கண்ணுக்கெட்டியவரை ஒரு பச்சை இல்லை. ‘எல்லாம் போன பூமி’ என்று தலைப்பும் வைத்துவிட்டேன். படம்தான் பாக்கி.

பேச்சியம்மாள் அகப்பட்டார். நாற்பது வயதிருக்கும். ஆடு வளர்க்கிற குடும்பம், விவசாயமும் உண்டு. “உங்களை ஒரு படம் எடுக்கணும்க்கா” என்றேன்.

“போட்டோவா? இருங்க, வாரேன்” என்று வீட்டுக்குள் போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். கிளிப்பச்சைப் பட்டு. தலை நிறையப் பிச்சிப்பூ. முகத்தில் பவுடர். கையில் ஒரு கயிறு, அதன் நுனியில் குளிப்பாட்டிய கிடா ஒன்று, கழுத்தில் மணியோடு.

என் வறட்சி அங்கேயே செத்தது.

“அக்கா, இது வேண்டாம். சும்மா இருக்கும்போது எப்படி இருப்பீங்களோ அப்படி. பழைய சேலை…”

“அடுப்படிச் சேலையிலயா? நீங்க கல்யாணத்துக்கு லுங்கியோடயா நிக்கப் போறீய?”

“நான் உங்க நிஜ வாழ்க்கையை எடுக்க வந்திருக்கேன்.”

“இந்தப் பட்டு என்ன, வாடகைக்கு வாங்குனதா? எங்க கிடா வித்து எடுத்தது. இதுவும் நெசந்தான்.”

கெஞ்சிக் கூத்தாடி, பட்டின் மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்தி, நிலத்தின் நடுவே உட்கார வைத்தேன். நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்க்கச் சொன்னேன்.

“எதுக்குப் பாக்கணும்?”

“மழை இல்ல, நிலத்துல ஒண்ணும் இல்லங்கிற கவலையில பாருங்க.”

“ஒண்ணும் இல்லைன்னு யாரு சொன்னா? வெதைச்சுல்லா போட்டிருக்கு! மக்காச்சோளம். மழைக்கு முந்தியே புழுதியில வெதைச்சிருவோம். ஏ அண்ணாச்சி, நீங்க எந்த ஊரு?”

“கோவில்பட்டி.”

“நான் மெட்ராஸ்னுல்லா நெனைச்சேன்!”

(கோவில்பட்டியிலேயே பிறந்தவன். கரிசலைப் பேருந்து சன்னல் அளவுக்குத் தெரியும்.)

ஆனாலும் விடவில்லை. அவரது விதைப்பின் மேலேயே குப்புறப் படுத்துக் கோணம் பார்த்தேன். “சோகமா பாருங்க” என்றேன். பேச்சியக்கா சோகத்துக்கு முயற்சி செய்தார், சிரிப்புத்தான் வந்தது. மறுபடி முயன்றார், கிடாவும் சேர்ந்து கத்தியது. அப்போது என் பிடரியில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. பிறகு எண்ண நேரமில்லாமல் மொத்த வானமும்.

பேச்சியக்கா துண்டை வீசிவிட்டு எழுந்தார். பட்டு நனைவதைப் பற்றிக் கவலையே இல்லை. “பெய்யி! நல்லாப் பெய்யி!” என்று கிடாவோடு வரப்புக்கு ஓடினார். நானும் ஓடப் பார்த்தேன். நனைந்த கரிசல் செருப்பைப் பிடித்தது, பிறகு காலை, பிறகு முழங்காலை. விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். இரவல் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, தாடி முழுக்கச் சேறோடு, “கேமரா போச்சே! கேமரா போச்சே!” என்று வாய் கிழியக் கதறினேன். (கேமரா போய்த்தான் விட்டது.)

“அண்ணாச்சி, இங்கன பாருங்க!”

பார்த்தேன். பேச்சியக்கா கையில் செல்போன்.

அவர் நாணயமானவர். ஊர் வாட்ஸ்அப் குழுவில், ‘போட்டோ எடுக்க வந்த அண்ணாச்சி எங்க காட்டுல மாட்டிக்கிட்டாவ. காட்டுல நல்ல மழை’ என்று எழுதித்தான் படத்தைப் போட்டார். ஆனால் படம் குழு விட்டுக் குழு தாவியது. எழுத்து வழியிலேயே உதிர்ந்தது. இரண்டு நாளில் ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தில் நான் இருந்தேன். கையில் இருந்த கேமரா சேற்று உருண்டையாகிவிட்டதால் ஏதோ வேரோடு பிடுங்கிய பயிர்போலத் தெரிந்தது. கீழே: ‘பயிர் மூழ்கியதால் கதறும் விவசாயி.’

முளைக்கவே தொடங்காத பயிருக்காகக் கதறியிருக்கிறேன்!

அன்று காலையிலேயே கடம்பூரிலிருந்து போன் வந்தது. செல்வியின் அப்பா.

“தம்பி, உங்களுக்கு நெலம் எங்கன கெடக்கு?”

நான் உளறிக்கொட்டி நடந்ததையெல்லாம் சொன்னேன். பெண் போனது என்று முடிவு கட்டினேன். பிறகு மறுமுனையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. இருமலாகி, போனைக் கீழே வைத்து, தண்ணீர் குடித்து, திரும்ப வந்தது.

“வெதைப்பு மழைக்கு அழுத சம்சாரிய இப்பத்தான்யா பாக்கேன்!” (சம்சாரி என்றால் எங்கள் பக்கம் விவசாயி.)

“படம் வரணும்னு சொன்னீங்க…”

“வந்திருக்கு, வந்திருக்கு. எடுத்தது யாருன்னுதான் கேள்வி. இருங்க, புள்ளைகிட்ட கேக்கேன்.”

போனைப் பொத்தாமலே கேட்டார். செல்வியின் குரல் தெளிவாக விழுந்தது.

“தரகர் குடுத்தாரே ஸ்டூடியோ போட்டோ, தாடையில கைய வச்சுக்கிட்டு… அதுல யாரோ மாதிரி இருந்தாவ. இதுலதாம்ப்பா ஆள் தெரியுது. எனக்குச் சம்மதம்.”

தை மாதம் பேச்சியக்கா காட்டுக்குத் திரும்பப் போனேன், கல்யாணப் பத்திரிகையோடும் மாமனார் வாங்கித்தந்த கேமராவோடும். ஆளுயர மக்காச்சோளம், கதிர் கதிராக. “எப்படி நிக்கணும்னு நீங்களே சொல்லுங்கக்கா” என்றேன். அதே கிளிப்பச்சைப் பட்டு, அதே கிடா, இடுப்பில் கை. அரசி மாதிரி நின்றார். அந்தப் படத்தை எந்த ஊர்க் கண்காட்சியில் வைத்தாலும் யாராவது ஒருவர், “இது சொல்லி நிக்க வச்சதுதானே?” என்பார். “ஆமாம்” என்பேன். “அவர் சொன்னார், நான் எடுத்தேன்.”

எங்கள் கூடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. என் படத்துக்குக் கீழே இருந்த வரியைச் செல்வி கத்தரித்துவிட்டு, பேச்சியக்கா வாட்ஸ்அப்பில் எழுதியதைத் தன் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறாள். ‘போட்டோ: பேச்சியம்மாள்’ என்றும் உண்டு. அது பேச்சியக்கா எங்கள் கல்யாணப் பந்தலில் வைத்தே போட்ட உத்தரவு.

இப்போதும் ஒவ்வொரு வருடமும் விதைப்பு மழை இறங்கியதும் கடம்பூரிலிருந்து முதல் போன் எனக்குத்தான் வரும்.

“மாப்ளே, இங்கன நல்ல மழை. அழ ஆரம்பிச்சிருங்க.”

“ஆரம்பிச்சிட்டேன் மாமா!”