மிஞ்ச வேண்டிய ஒரு படி

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். அந்த ஏழும் சேர்ந்து ஆயுசு முழுக்கக் கொடுத்த எரிச்சலை, உத்தமபாளையம் கரிக்கடையில் இருந்த ஒரு மனிதர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொடுத்துவிட்டார். அவரைப் போல நியாயம் பார்த்தவரும் இந்தப் பக்கத்தில் கிடையாது, நியாயம் பார்த்தே ஆளைக் கொன்றவரும் கிடையாது. அவர் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் அவர் ஒருபடியார்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் மரக்கரியைக் கொட்டி, விசிறியைக் கையால் சுற்றிக் கனல வைப்பார்கள். அந்தப் புகையில் வண்டி ஓடும். ஓடும் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். பெண்கள் இறங்கி முன்னால் நடந்து போய், வண்டி வரட்டும் என்று காத்திருப்போம்.

அப்படி எட்டு வண்டிகள் தேனிக்குப் போய்வந்தன. விடிந்ததும் கிளம்பும் முதல் வண்டியில் சனம் அப்பிக்கொண்டு போகும். எட்டாவது வண்டி உச்சிவெயிலில் டிரைவரையும் ஈயையும் ஏற்றிக்கொண்டு போகும். அதனால் தினமும் கைகலப்பு. கடைசியில் டிரைவர்களே கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாகக் கரிக்கடையிலிருந்து சின்னமனூர் வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். எந்த வண்டி சீக்கிரம் திரும்புகிறதோ, அது அந்த மாதம் முழுக்க முதல் வண்டி. தீர்ப்புச் சொல்வது அந்தக் கடையில் சம்பளத்துக்குக் கரி அளந்து போடும் ஒருபடியார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, ஓடுகிற கடிகாரம் அவரிடம்தான் இருந்தது.

எல்லா வண்டிக்கும் அந்தக் கடைக் கரி ஒரு மூட்டை. திரும்பி வரும்போது அதில் ஒரு படி மிஞ்சியிருக்க வேண்டும். தேங்காய்ச் சிரட்டைக் கரியைக் கலந்தால் சூடு கூடி வண்டி பாயும் என்பதால், மிஞ்சியதை அவர் சோதிப்பார். முகர்வார், ஒடிப்பார், அப்புறம் ஒரு துண்டை வாயில் போட்டு முறுக்குத் தின்பது போல மெல்லுவார். பந்தயம் முடிவதற்குள் மனிதருக்குப் பல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

குற்றம் எதுவானாலும் தண்டனை ஒன்றே: கடைசி இடம். கள்ளக்கரி கலந்தாலும் கடைசி, ஒரு படிக்கு அரைக்கை குறைந்தாலும் கடைசி. அரைக்கை குறைந்ததற்காகத் தன் மருமகனையே கடைசியில் தள்ளியவர் அவர். மகள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி இரண்டு மாதமாகப் பின்வரிசை. வண்டி முதலாளி சொல்லிவிட்டார்: “இந்த மாசமும் வண்டி காலியாப் போச்சுன்னா ஷெட்டுல ஏத்திருவேன். நீ வேற பொழப்பு பாத்துக்கப்பா.” எனக்கு அப்போது இடுப்பில் மூத்தவன். வேறு பிழைப்பு எங்கே இருக்கிறது?

பந்தயத்தில் பாரத்துக்காக வண்டிக்குப் பத்துப் பேர் ஏற வேண்டும். ஓசிப் பயணம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் சின்னமனூரில் சொந்தம் இல்லாத வீடே கிடையாது. பத்துப் பேரும் கையில் தூக்குவாளியோடு ஏறினோம். எல்லா வாளியிலும் கோழிக்குழம்பு.

வண்டி கிளம்பியதும் என் மாமியார் என் தொடையில் இடித்தார்.

“ஏத்தா, கவுச்சிய வெறுமனேயா கொண்டு போறது? காத்துக் கருப்பு தொத்திக்கிரும். ஒரு கரித்துண்டு எடுத்து மேல வையி.”

“வீட்டுல இருந்து எடுத்தாரலையே அத்தை.”

“இங்கனதான் மூட்டையே கெடக்கே!”

மாமியார் எடுத்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். அவளைப் பார்த்து அவள் கொழுந்தன். ஒருவர் விடவில்லை. நான் இரண்டு எடுத்தேன், ஒன்று குழம்புக்கு, ஒன்று பிள்ளைக்கு.

முன்னால் எங்கள் வீட்டுக்காரர் உயிரைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் மேட்டில் ஒரு வாத்துக் கூட்டம் எங்களைத் தாண்டிப் போயிற்று; இந்த முறை நாங்கள் வாத்துகளைத் தாண்டினோம். பாலத்தில் வண்டி திரும்பும்போது நாத்தனார் ஓடிவர, ஜன்னல் வழியாக வாளிகள் பறந்தன. “ஏ, இதென்ன பந்தயமா, சீர்வரிசையா?” என்று வீட்டுக்காரர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

கரிக்கடைக்குத் திரும்பினோம். ஒருபடியார் கடிகாரத்தைப் பார்த்தார். “நீதான்யா மொத!” என்றார். என் மாமியார் குலவையே இட்டுவிட்டார். அப்புறம் ஒருபடியார் மூட்டையைப் படியில் கவிழ்த்தார். இரண்டு விரற்கடை குறைந்தது.

“கொறையுது.”

“நல்லாத் தட்டி அளங்கண்ணே. ஒரு படிக்கு மேலயே மிச்சம் வச்சுத்தான் ஓட்டுனாக,” என்றேன்.

“தட்டுனா இன்னும் கொறையும் தாயி. ஆமா, புள்ளைக்கு என்ன மூஞ்சியெல்லாம் கருப்பு?”

மூத்தவன் அந்தக் கரித்துண்டைச் சப்பிக்கொண்டிருந்தான். ஒருபடியார் அதை வாங்கி, எச்சிலைத் தன் வேட்டியில் துடைத்து, படியில் போட்டுப் பார்த்தார். அப்போதும் குறைந்தது. அதற்குள் பத்துப் பேரும் உண்மையைக் கக்கிவிட்டார்கள்.

“கரிய எடுத்தது நாங்கண்ணே. டிரைவரு என்ன செஞ்சாக?” என்றேன்.

“வண்டிக்குள்ள நடக்குறது டிரைவரு பொறுப்பு. கடைசி எடம்.”

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அன்று காலையில்தான் மீசைக்கார டிரைவர் ஒருவர் சிரட்டைக் கரி கலந்து, மென்று பார்த்ததில் மாட்டியிருந்தார். “அப்ப அந்த ஆளு?” என்றேன்.

“அவருக்கும் கடைசிதான். ஆனா அவரு முந்தி மாட்டுனாரு, நீங்க பிந்தி. அதனால அவரு ஏழு, நீங்க எட்டு.”

எனக்கு வந்ததே ஆத்திரம்!

“ஏண்ணே, களவாண்டவன் எங்களுக்கு முன்னாடியா? புள்ள வாயில இருந்த கரியும் கள்ளக்கரியும் உங்களுக்கு ஒண்ணா? உங்க படிக்கு வாயி மட்டுந்தான் இருக்கு, கண்ணு இல்ல!”

அவர் கோபப்படவில்லை. படியைத் திருப்பிப் பார்த்தார். “நீ சொல்லுறது நெசந்தான். ரெண்டும் ஒண்ணு இல்ல. அடுத்த மாசத்துல இருந்து, கலந்தா கடைசி, கொறஞ்சா ஒரு எடம் மட்டும் கீழ.”

“அப்ப நாங்க ரெண்டாவது வண்டியாண்ணே?”

“அதெப்படி தாயி? உங்களது பழைய சட்டம். எட்டுதான்.”

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? தப்பு என்று தானே ஒப்புக்கொண்டு, அந்தத் தப்பையே நம் தலையில் கட்டுகிறார். அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் அவரைத் திட்டிய திட்டு நல்ல நீளம்.

மறுநாள் உச்சிவெயிலில் எட்டாவது வண்டியை எடுக்கப் போன வீட்டுக்காரர் திரும்பி வந்து சொன்னதை நான் நம்பவில்லை. அடுத்த நாள் நானே போய்ப் பார்த்தேன். பஸ் நிற்கும் இடத்தில், தலையில் துண்டுகூட இல்லாமல், ஒருபடியார் கத்திக்கொண்டிருந்தார்.

“நேரத்துல மொத வண்டி! வரிசையிலதான் கடைசி! கடிகாரத்த நான்தான் பாத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஏறுங்க, ஏறுங்க!”

அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். சனம் ஏறியது. மீசைக்காரர் சண்டைக்கு வந்தார். “தீர்ப்புச் சொன்ன ஆளு ஒரு பக்கமாச் சாயலாமா?”

“தீர்ப்புல சாஞ்சனாய்யா? அது முடிஞ்சது. இப்ப நான் வெறும் கரிக்கடை ஆளு, எனக்குப் பிடிச்ச வண்டிக்குக் கத்துறேன்.”

மாதம் முழுக்கக் கத்தினார். வண்டி நிறைந்தது. முதலாளி ஷெட் பேச்சையே எடுக்கவில்லை. நன்றி சொல்லப் போனால், “மூட்டைய இறுக்கிக் கட்டச் சொல்லு,” என்று என்னையே விரட்டினார்.

அவர் சம்சாரத்தை ஒருநாள் ஆற்றில் பார்த்தேன். “கடையில சோத்துக்கு விடுறதே அந்த ஒரு மணி நேரந்தான். உங்க வண்டி கெளம்பி இவுக வீட்டுக்கு வர்றதுக்குள்ள கடை மணி அடிச்சிருது. ஒரு மாசமா சோறு ஆறிப்போயி, அப்படியே மாட்டுக்குத்தான் போகுது,” என்று அலுத்துக்கொண்டாள்.

ஏ செல்வி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும். அந்த மனிதர் வெயிலில் நின்று கத்தின இடத்தை மட்டும் ஒரு தடவை வாசித்துக் காட்டு. நான் திட்டினதை விட்டுவிடு.