கிட்டாருக்கு அப்பா போட்ட சிவப்புப் பெருக்கல் குறி

இதைப் படிச்சா சிரிப்பீங்க. நான் கேரண்டி.

ஆனா இப்ப இல்ல. முதல்ல ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரோட கழுத்து, பலகை, திருகாணி பத்தியெல்லாம் கொஞ்சம் சலிப்பா சொல்ல வேண்டியிருக்கு. மூணு நாள் நான் அதைக் கேட்டுப் பொறுத்துக்கிட்டேன். நீங்க மூணு நிமிஷம் பொறுத்துக்க மாட்டீங்களா?

அன்னிக்கு எனக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சாதாரணம். பதினோரு மணிக்குக் கடையிலிருந்து ஒரு டெக்னீஷியன் ஹைதராபாத் லோத்குண்டாவுல எங்க வீட்டுக்கு வருவார். கதவைத் திறக்கணும். அண்ணனோட புது கிட்டாரைக் காட்டணும். அவர் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கி வைக்கணும்.

"இதுல நீ கெடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல"ன்னு சொல்லிட்டு அண்ணன் ஆபீஸ் கேப்ல ஏறினான். ஏறினவன் மறுபடி இறங்கி வந்தான்.

"யார் மாதிரியும் பேசாதே. உன் குரல்ல மட்டும் பேசு. ப்ளீஸ்."

நான் இன்டர், அதாவது நம்ம ஊர் ப்ளஸ் டூ, ரெண்டாவது வருஷம் படிக்கிறதா எங்க காலேஜ் நம்பிக்கிட்டிருக்கு. உண்மையில நான் படிக்கிறது குரல்கள். மாடி வீட்டு கர்னல் அங்கிள், பிசிக்ஸ் லெக்சரர், தக்காளி வண்டிக்காரர், லிஃப்ட் கதவை மூடச் சொல்லி உயிரை வாங்குற ரெக்கார்டிங் அம்மா... எல்லாரும் என் தொண்டைக்குள்ளதான் குடியிருக்காங்க. பாத்ரூமுக்குள்ள நான் தனியா இருந்தாலும் வெளியே நிக்கிறவங்களுக்கு ஒரு கல்யாண வீடே கேக்கும்.

சரி, கிட்டாருக்கு வருவோம்.

அண்ணன் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து ஆசைப்பட்டு வாங்கினது. கருநீலம். மேல் பலகையில புலிக்கோடு மாதிரி மர ரேகை. பெட்டியைத் திறந்தா புது கார் வாசனை. சுருதி சேர்க்கிற திருகாணிகள் வெண்ணெய்க்குள்ள சுத்துற மாதிரி சுத்தும். முதல் நாள் அவன் வாசிக்கவே இல்ல. சோபாவுல உக்கார வெச்சு எதிர்ல இருந்து பாத்துக்கிட்டே இருந்தான். பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு மரியாதையா உக்கார மாட்டான்.

ரெண்டாம் நாள் வாசிச்சான். மூணாம் நாள் மூஞ்சி தொங்கிப் போச்சு.

"இங்க விரலை வெச்சு இழுத்துப் பாரு"ன்னான்.

கழுத்துல குறுக்கே வரிசையா கம்பித் துண்டு பதிச்சிருப்பாங்களே, ஃப்ரெட்னு, அதோட ஓரமெல்லாம் சுரண்டுச்சு.

"ஐயோ! கேரட் துருவுற தகடு மாதிரி இருக்குடா!"

"அதான்! அஞ்சாவது ஃப்ரெட்ல அழுத்தினா ஈ மொய்க்கிற சத்தம். வால்யூம் குமிழ் ஆடுது. கேபிள் சொருகுற இடம் லூஸ். இந்த விலைக்கு இது நியாயமா? ஸ்கூல் படிக்கும்போது வாங்கின ஓட்டை கிட்டார்கூட இப்படிப் பண்ணல!"

கடையில சொன்னது இதுதான். டெக்னீஷியன் வந்து பாத்து, குறை உண்மைன்னு சொன்னா மாத்திக் கொடுப்பாங்க. அதே நீலத்துல கடைசியா ஒரே ஒரு பீஸ் இருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் எடுத்து வெச்சிருப்பாங்க. ஆனா திருப்பித் தர்ற கிட்டார் மேல ஒரு கீறல், ஒரு கறை இருக்கக் கூடாது.

பதினொண்ணு ஆச்சு. டெக்னீஷியன் வரல. பதினொண்ணரை. வரல.

வீட்டுல இன்னொரு ஆள் இருந்தார். அப்பா. ராணுவத்துக்குச் சாமான் செய்யுற ஃபேக்டரியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அம்மா சுட்ட தோசையைக்கூட வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் சட்னியில தோய்ப்பார். அன்னிக்கு லீவு. பேப்பரைப் படிச்சு முடிச்சு, விளம்பரத்தையும் முடிச்சு, அடுத்து எதைப் பரிசோதிக்கலாம்னு ஹாலை நோட்டம் விட்டுக்கிட்டிருந்தார்.

எனக்கும் போர். அவருக்கும் போர். என் கையில பழைய போன். அதுல யாரும் சேவ் பண்ணி வெச்சிருக்காத ஒரு சிம்.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பொய் சொல்லாதீங்க.

ஹாலுக்குச் சத்தம் கேக்காத பின்பக்க பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டேன். அப்பா நம்பரை அடிச்சேன். வாயில பான் அடக்கி வெச்ச மாதிரி கன்னத்தை உப்பிக்கிட்டேன்.

"சலாம் சாப்! கிட்டார் கடை மேனேஜர் பேசுறேன்!"

பேசினதெல்லாம் ஹைதராபாத் ஹிந்தி. உங்களுக்காகத் தமிழ்ல எழுதுறேன். அப்பா ஹிந்தி பேசினா அதுலயும் தாமிரபரணி ஓடும், அதை நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

"சொல்லுங்க சார்."

"எங்க டெக்னீஷியன் மல்லாபூர்கிட்ட பஞ்சராகி நிக்கிறான் சாப். நீங்க பெரிய இன்ஸ்பெக்டர்னு உங்க மகன் சொன்னார். கிட்டாரை நீங்களே பாத்து ஒரு ரிப்போர்ட் கொடுத்திடுங்க."

சிரிச்சிடுவாரோன்னு நினைச்சேன்.

"ஃபார்மட் இருக்கா?"ன்னு கேட்டார்.

"நக்கோ சாப், ஃபார்மட் எல்லாம் வேண்டாம்!"

"அப்ப எந்த ஸ்டாண்டர்ட் படி பாக்கணும்?"

இங்கதான் நான் வாயை மூடியிருக்கணும். "உங்க ஃபேக்டரி ஸ்டாண்டர்ட் படியே பாருங்க சாப்! முழுப் பொறுப்பும் உங்களுக்கே!"

நான் வெளியே வர்றதுக்குள்ள அப்பா லுங்கியிலிருந்து பேண்ட்டுக்கு மாறியிருந்தார். சட்டையை டக் இன் பண்ணி, பாக்கெட்டுல மூணு பேனா. சாப்பாட்டு மேஜையில வெள்ளை பெட்ஷீட். அதுக்கு மேல கிட்டார். பக்கத்துல டார்ச், பூதக்கண்ணாடி, ஸ்கேல், வெர்னியர். சர்ஜரிக்கு வந்த பேஷண்ட் மாதிரி கிட்டார் மல்லாந்து கிடந்துச்சு.

"ஏட்டி, நோட்டை எடு. நான் சொல்லச் சொல்ல எழுது. கடை மேனேஜரு நம்மள நம்பி ஒப்படைச்சிருக்காரு."

துப்பட்டாவை வாயில அடைச்சுக்கிட்டு எழுத உக்காந்தேன்.

"ஒண்ணு. கம்பி ஆறு. ஆறும் ஆறு தடிமன். ஒண்ணுக்கொண்ணு சேரல."

"அப்பா, அது அப்படித்தான்..."

"எழுதுட்டி! ரெண்டு. இந்தப் பக்கம் கொம்பு நீளம், அந்தப் பக்கம் கொம்பு குட்டை. அச்சு வெலகி இருக்கு. மூணு. எல்லாக் கட்டத்துலயும் ஒரு புள்ளி வச்சிருக்கான், பன்னெண்டாவதுல மட்டும் ரெண்டு வச்சிருக்கான். கவனக்குறைவு."

"அது அடையாளத்துக்குப்பா!"

"நாலு. பின்னால மூடியில ஆறு ஸ்க்ரூ. ஆறும் ஆறு தெசையப் பாத்து நிக்கி. இப்படி ஒரு மூடிய எங்க ஃபேக்டரியில போட்டாம்னா அவன் சாயங்காலம் வீட்டுக்குப் போவ முடியாது, கேட்டியா?"

பதினேழு குறை எழுதினேன். அண்ணன் சொன்ன சுரண்டலும் ஈ சத்தமும் பதினஞ்சு, பதினாறா வந்துச்சு. பதினேழாவதுக்கு அப்பா விரல் நகத்தால கழுத்தும் உடம்பும் சேருற இடத்தைத் தடவினார். தடவினார். மறுபடி தடவினார்.

"இங்கன ஏதோ தட்டுது. கண்ணுக்குத் தெரியல. எழுதி வையி, சந்தேகம்னு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. ஓடிப்போய் மறுபடி பாத்ரூம். மறுபடி மேனேஜர்.

"சாப்! முடிவு என்ன சாப்?"

"ரிஜெக்டட்"னார் அப்பா. அந்த வார்த்தையை அவ்வளவு கம்பீரமா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

"ஹவ் சாப், சரி சாப்! அப்ப ரிஜெக்ட் ஆனதுக்கு என்ன முறையோ அதைப் பண்ணிடுங்க!"

முறைன்னா ஒரு தாள்ல கையெழுத்துன்னு நினைச்சேன். நிம்மதியா உள்ளேயே உருண்டு புரண்டு சிரிச்சிட்டு, முகம் கழுவிட்டு வெளியே வந்தேன்.

அப்பா கையில பிரஷ். மேஜை மேல கேட்டுக்கு அடிச்சு மிச்சம் வெச்ச சிவப்பு பெயின்ட் டப்பா.

நீல கிட்டார் மேல தோள்ல ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் ஒரு பெருக்கல் குறி. மேலேயிருந்து ஒரு கோடு, கீழேயிருந்து ஒரு கோடு. கழுத்து சேருற இடத்துல மட்டும் அழுத்தமா ரெண்டு கோட்டிங்.

"அப்பாஆஆ!"

"என்னத்துக்குக் கத்துத? ரிஜெக்ட் ஆன சாமான்ல சிவப்பு அடிக்கணும்லா? இல்லாட்டி எவனாவது தெரியாம எடுத்து மாட்டிருவான். எங்க ஃபேக்டரியில இதான் முறை."

ஒரு கறை இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. ஒண்ணுதான் இருந்துச்சு. ஆனா முழ நீளத்துக்கு இருந்துச்சு.

என் சொந்த போன் அதிர்ந்துச்சு. அண்ணன் மெசேஜ். "ஆள் வந்தாச்சா? கிட்டார் எப்படி இருக்கு?" என்னன்னு எழுதுறது? கட்டை விரலை மட்டும் அனுப்பி வெச்சேன்.

அப்பதான் பெல் அடிச்சுச்சு.

வாசல்ல நிஜ டெக்னீஷியன். ஸ்ரீனுன்னு பேர். தோள்ல பை, முகமெல்லாம் வேர்வை. "சாரி சார், தார்நாகாவுல டிராஃபிக்"னு தெலுங்குல சொல்லிக்கிட்டே உள்ளே வந்தவர் மேஜையைப் பாத்தார். பை கீழே விழுந்துச்சு.

"அய்யய்யோ! ஏமிட்டி சார் இதி? என்ன இது?"

அப்பா பெருமையா நோட்டை நீட்டினார். "பதினேழு பாயின்ட். உங்க மேனேஜர் கேட்டபடி."

"எங்க மேனேஜரா?" ஸ்ரீனு மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சார். மெலிசா, கீச்சுன்னு ஒரு குரல். "நான் யாருக்கும் போன் பண்ணலயே சார்! பெயின்ட் அடிச்சா நாங்க எடுக்க முடியாது!"

அப்பா என்னைப் பாத்தார். நான் சீலிங் ஃபேனைப் பாத்தேன்.

"இது அவரு குரல் இல்ல"ன்னார் அப்பா. "அவரு கட்டைக் குரலு. உங்க ஆபீஸ்ல ரெண்டு மேனேஜரா? ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியாதா? பரவாயில்ல, எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்."

அரசாங்க உத்தியோகமே, உனக்குக் கோடி வணக்கம்!

"பெயின்ட் இன்னும் காயல அண்ணா, ஏதாவது பண்ணுங்க அண்ணா"ன்னு ஸ்ரீனுவைக் கெஞ்சினேன். சொந்தக் குரல்ல. அழுகை வேற வந்துச்சு, அதுவும் சொந்த அழுகை. எத்தனை மாசம் அண்ணன் அந்த நீலத்தைப் போன்ல பாத்துக்கிட்டே தூங்கியிருக்கான்!

ஸ்ரீனு பையிலிருந்து ஒரு குப்பியும் மெல்லிய துணியும் எடுத்தார். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு தொடைச்சார். தோள் சுத்தமாச்சு. இடுப்பு சுத்தமாச்சு. பளபளப்புக்கு ஒண்ணும் ஆகல. நானும் துணி மாத்தி மாத்திக் கொடுத்தேன்.

கழுத்து சேருற இடத்துல மட்டும் போகல. மெல்லிசா, முடி மாதிரி, ஒரு சிவப்புக் கோடு. தேய்க்கத் தேய்க்க அப்படியே நின்னுச்சு.

ஸ்ரீனு பூதக்கண்ணாடியை வாங்கிப் பாத்தார்.

"சார்... இது விரிசல்."

பெயின்ட் உள்ளே இறங்கி உக்காந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாத விரிசல், இப்ப சிவப்பா பல்லைக் காட்டுது.

அப்பா முகத்துல ஒரு நொடி ஆச்சரியம். அடுத்த நொடி அது அனுபவமா மாறிடுச்சு. "பின்ன? விரிசலைக் கண்டுபிடிக்க ஃபேக்டரியில இப்படித்தான் செவப்புச் சாயம் தடவித் தொடைப்போம். நான் என்ன, சும்மாவா ரெண்டு கோட்டிங் அடிச்சேன்?"

ஸ்ரீனு போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பினார். கீச்சுக் குரல் மேனேஜர் அஞ்சு நிமிஷத்துல கூப்பிட்டார். "மாத்தித் தர்றோம் சார். புதுசை இன்னிக்கே அனுப்புறோம். தயவுசெஞ்சு அதுல எதுவும் தடவாதீங்க."

ஸ்ரீனு தாள்ல கையெழுத்துப் போட்டார். கிட்டாரைப் பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போனார். கதவைச் சாத்திட்டு அதுமேலயே சாஞ்சு நின்னேன். நான் தப்பிச்சேன்! கிட்டாரும் தப்பிச்சுது! இப்படி ஒரு அதிர்ஷ்டம் எனக்கு எந்தப் பரீட்சையிலயும் அடிச்சதில்ல.

"ஏட்டி, மத்தியானத்துக்குக் குக்கர்ல பருப்பு வச்சிருக்கேன், ரெண்டு விசிலு ஆயிட்டு, பாத்துக்கோ"ன்னு சொன்ன அப்பா போனை எடுத்தார்.

"யாருக்குப்பா?"

"அந்த மொத மேனேஜருக்குத்தான். ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? நல்ல மனுசன்."

எடுக்காம விட்டா? ஸ்ரீனுவைக் கூப்பிட்டு அந்த நம்பர் யாருதுன்னு கேப்பார். ஓடினேன். பாத்ரூம். தாழ். கன்னத்தை உப்பினேன்.

"ஹவ் சாப்!"

"சார், இருபத்தெட்டு வருஷத்துல எந்த ஆபீசரும் என்கிட்ட முழுப் பொறுப்பும் உங்களுக்கேன்னு சொன்னதில்ல. நீங்கதான் சொன்னீங்க." உண்மையைச் சொல்லிடலாமான்னுகூட அரை நொடி தோணுச்சு.

அந்த அரை நொடியில பாத்ரூம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், சமையலறையில, குக்கர் விசில் அடிச்சுச்சு. ஊரே கேக்குற மாதிரி.

அந்த விசில் என் போன் வழியாவும் அப்பா காதுக்குப் போச்சு.

"சார், உங்க கடையிலயும் குக்கர் வச்சிருக்கீங்களா?"

"ஹவ் சாப். ஸ்டாஃபுக்குச் சாப்பாடு."

அப்புறம் ரொம்பச் சாதாரணமா, சுத்தமான திருநெல்வேலித் தமிழ்ல ஒரு கேள்வி.

"இது எத்தனாவது விசிலு?"

"மூணாவது சாப்"னேன். அதே கட்டைக் குரல்ல. தமிழ்ல.

"சரி. அடுப்ப அணைச்சிட்டு வெளிய வாட்டி."